எந்த ஊரில் அளந்த துல்லியம்?

செயற்கை நுண்ணறிவுக் கருவி விற்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரு விழுக்காட்டோடுதான் வருகிறார்கள். மார்பு எக்ஸ்ரேயைப் பார்த்துக் காசநோய் இருக்கலாம் என்று சொல்லும் மென்பொருளுக்கு ஒரு விழுக்காடு, சர்க்கரை நோயாளியின் விழித்திரையைப் படமெடுத்துப் பாதிப்பைச் சொல்லும் கேமராவுக்கு ஒரு விழுக்காடு, ஈ.சி.ஜி. படிக்கும் செயலிக்கு இன்னொன்று. அந்த எண் பெரும்பாலும் 90க்கு மேலே இருக்கும். பெரும்பாலும் பொய்யாகவும் இருக்காது. முறைப்படி அளந்து எடுத்த எண்தான் அது. அதை எங்கே, யாரிடம், எந்த நிலைமையில் அளந்தார்கள் என்பதைத்தான் விற்கிறவரும் சொல்வதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை.

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ஒரு நடுத்தர மருத்துவமனையில் பொது மருத்துவராக வேலை செய்கிறேன். காலையில் ஓ.பி.யில் எதிரே வந்து உட்காருகிறவர்களில் தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து மீனவர்கள் உண்டு. அருமனை, குலசேகரம் பக்கத்து ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளிகள் உண்டு. முந்திரி ஆலையில் கொட்டை உடைத்துக் கை கறுத்த பெண்கள் உண்டு. பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, பூட்டிய வீட்டின் ஓர் அறையில் தனியே வாழும் முதியவர்கள் நிறைய உண்டு. எங்கள் நிர்வாகம் இப்போது இரண்டு கருவிகளை வாங்குவது பற்றி ஆலோசித்து வருகிறது. ஒன்று விழித்திரைக்கு, மற்றொன்று மார்பு எக்ஸ்ரேக்கு. முடிவெடுக்கும் குழுவில் நானும் இருக்கிறேன். அதற்காகப் படித்ததையும் கண்ணால் பார்த்ததையும், இதே முடிவை எடுக்கவேண்டிய நிலையில் இருக்கும் மற்ற சிறு மருத்துவமனைக்காரர்கள் படிப்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

புதிய மருத்துவத்தைக் கண்டு பயப்படும் ஊர் இதுவன்று. நெய்யூரில் 1838இலேயே மிஷன் மருத்துவப் பணி தொடங்கிவிட்டது. 1922, 1924 ஆகிய ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் பங்கெடுத்த சோமர்வெல், மலையை விட்டுவிட்டு அங்கே வந்து அறுவை மருத்துவராக நெடுங்காலம் உழைத்தார். இன்றும் எங்களுக்குக் கருவி வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்கள் மருத்துவமனையில் முழுநேரக் கதிரியக்க மருத்துவர் கிடையாது. படங்களை நெட்டில் அனுப்பி வெளியூர் மருத்துவரிடம் ரிப்போர்ட் வாங்குகிறோம், அது சில நாள் அன்று மாலைக்குள் வரும், சில நாள் மறுநாள்தான் வரும். சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும் என்று ஓ.பி. சீட்டில் எழுதிக்கொடுக்கிறோம், எழுதிக்கொடுத்தபடி போகிறவர் சிலரே. இந்த இடைவெளியில் ஒரு மென்பொருள் வந்து உட்கார்ந்தால் பார்வை இழப்பைத் தடுக்கலாம், காசநோயைச் சில வாரங்களுக்கு முன்னாலேயே பிடிக்கலாம் என்ற நம்பிக்கை நியாயமானது. நியாயமான நம்பிக்கை என்பதாலேயே அதைச் சோதித்துப் பார்க்காமல் விடக்கூடாது என்று நினைக்கிறேன்.

விழித்திரைக் கருவியின் கதையில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்ட ஆய்வில், கணினிக்குக் கற்பிக்கப் பயன்பட்ட 1,28,175 விழித்திரைப் படங்களில் ஒரு பகுதி மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவிலிருந்தும் போனவை. தேர்ந்த கண் மருத்துவர்களின் கணிப்போடு ஒப்பிட்டபோது கணினி மிகச் சிறப்பாகவே தேறியது. நம் மக்களின் கண்களையும் பார்த்துக் கற்ற கருவிதானே, இங்கே வேலை செய்யாமல் எங்கே செய்யும் என்று அப்போது நானும் நினைத்தேன். ஆனால் அதே தொழில்நுட்பத்தைத் தாய்லாந்தில் 11 சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுபோய் வைத்தபோது நடந்ததை, அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்களே 2020இல் வெளிப்படையாக எழுதினார்கள். முதல் ஆறு மாதங்களில் எடுத்த 1,838 படங்களில் 21 விழுக்காட்டுக்கு மேல், கணிப்புக்குத் தகுதியில்லை என்று கருவியாலேயே தள்ளப்பட்டன. ஒரு நிலையத்தில் இருட்டறை இல்லை. வேறொன்றில் இணையம் இரண்டு மணி நேரம் நின்றுபோய், 200 பேரைப் பார்க்கவேண்டிய நாளில் 100 பேரைத்தான் பார்க்க முடிந்தது. படம் தள்ளப்பட்டால் நோயாளி தொலைவிலுள்ள மருத்துவமனைக்குப் போகவேண்டி வரும் என்பதால், சில செவிலியர்கள் இந்த ஆய்வில் சேரவேண்டாம் என்றே நோயாளிகளிடம் சொல்லத் தொடங்கினார்கள். கணினியின் கணிக்கும் திறமை அங்கேயும் அதேதான். அது நின்ற அறைதான் வேறு.

கடலோர ஊர் ஒன்றில், கத்தோலிக்கக் கோவில் வளாகத்துப் பங்கு மண்டபத்தில் ஒரு கேமராவைச் சோதனைக்கு வைத்தபோது அந்தத் தாய்லாந்துக் கட்டுரையைப் படமாகவே பார்த்தேன். மேற்குச் சுவர் முழுக்கக் காற்றுக்காக விட்ட சிமெண்ட் ஜாலி. பத்து மணிக்கெல்லாம் கடல் வெளிச்சம் உள்ளே அடிக்கிறது. வெளிச்சத்தில் கண்ணின் பாப்பா சுருங்கிவிடும். சுருங்கிய பாப்பா வழியே எடுத்த படத்தின் விளிம்பில் கறுப்பு நிழல் விழும். எங்கள் சிஸ்டர் இரண்டு பெட்ஷீட்டுகளைக் கயிற்றில் கட்டி மறைப்புச் செய்தார். கடற்காற்று அதைத் தூக்கித் தூக்கி அடித்தது. பாப்பா விரிய மருந்து விடலாம் என்றால், மருந்து விட்ட பின் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், பைக்கில் வந்தவர்கள் எப்படித் திரும்பிப் போவார்கள்? அறுபதைத் தாண்டிய பலருக்குக் கண்புரை வேறு. புகைமூட்டத்துக்குள் எடுத்த படம் போல வரும். திரையில் "படம் தெளிவில்லை, மீண்டும் எடுக்கவும்" என்ற வரி திரும்பத் திரும்ப எழும். டெக்னீஷியன் பொறுமையான பையன். ஒவ்வொரு முறையும் "ஒருக்கா கூட நேரே பாருங்க, அம்மச்சி" என்று சொல்லி எடுத்துக்கொண்டே இருந்தான்.

இந்தத் தள்ளப்பட்ட படங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பது சின்ன விஷயம்போலத் தெரியும். எங்களுக்குக் கருவியைக் காட்ட வந்தவரின் அட்டவணையில் அவை எந்தக் கணக்கிலும் இல்லை. தெளிவாக விழுந்த படங்களை மட்டும் வைத்துத்தான் அந்த விழுக்காட்டைப் போட்டிருந்தார்கள். ஆனால் படம் தெளிவாக விழாதவர் யார்? வயதானவர், புரை விழுந்தவர், பல ஆண்டுகளாகச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர், கண்ணுக்குள் ஏற்கெனவே இரத்தம் கசிந்திருப்பவர். அதாவது, நோய் இருக்க அதிக வாய்ப்புள்ளவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, மிஞ்சியவர்களை வைத்துத் துல்லியத்தை அளந்திருக்கிறார்கள். கருவியால் படிக்க முடியாத ஒவ்வொரு கண்ணையும் கருவியின் தோல்வியாகவே எண்ணிக் கணக்குப் போட்டால் என்ன எண் வருகிறதோ, அதுதான் எங்கள் ஊருக்கான எண்.

படம் நன்றாக விழுந்து, கருவி சரியாகச் சொல்லி, அப்புறமும் ஒன்றும் நடக்காமல் போவதுண்டு. அதே மண்டபத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மீனவரின் வலது விழித்திரையில் கடுமையான பாதிப்பு இருப்பதைக் கருவி காட்டியது. படத்தைப் பார்த்தேன், எனக்கும் ஐயமில்லை. லேசர் சிகிச்சைக்கு உடனே போக வேண்டும் என்று எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டாக்டரே, நாளைக்குப் போட்டு இறங்குது. கரைக்கு வந்த பொறவு வாறேன்" என்றார். தூத்தூர்க் கரையின் ஆழ்கடல் தொழிலாளிகள் போனால் வாரக் கணக்கில் கடலில் இருப்பவர்கள். சில நேரம் கொச்சியில் கரையேறி, அங்கிருந்தே மறுபடியும் இறங்கிவிடுவார்கள். போட்டில் அவர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால் அந்தப் பயணத்தின் பங்கு போய்விடும். கருவியின் ஏட்டில் அவர் சரியாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு நோயாளி. கருவிக்கு ஒரு வெற்றி. அவருடைய கண்ணுக்கு அதனால் ஏதாவது நன்மை நடந்ததா என்ற கேள்விக்கு அந்த ஏட்டில் கட்டமே கிடையாது.

எக்ஸ்ரே மென்பொருளுக்கு வருகிறேன். இங்கே கணக்கை விவரமாகப் பார்த்தாக வேண்டும். நோய் உள்ளவர்களில் 90 விழுக்காட்டினரைக் கண்டுபிடிக்கும், நோய் இல்லாதவர்களில் 90 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிடும் என்று ஒரு கருவியை வைத்துக்கொள்வோம். நீண்ட நாள் இருமலோடு மருத்துவமனைக்கு வருபவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் காசநோய் இருக்கிறது என்றால், 1,000 பேரில் 200 நோயாளிகள். கருவி 180 பேரைப் பிடிக்கும், நோயில்லாத 800 பேரில் 80 பேரைத் தவறாகச் சுட்டும். சுட்டப்பட்ட 260 பேரில் 180 பேர் உண்மையான நோயாளிகள். நல்ல கருவி. இப்போது அதே கருவியை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு, அறிகுறி எதுவும் இல்லாத மக்களிடம் போகிறோம். அங்கே 1,000 பேரில் 5 பேருக்குத்தான் நோய் என்று கொள்வோம். அந்த 5 பேரில் நான்கைந்து பேரைக் கருவி பிடிக்கும். நோயில்லாத 995 பேரில் ஏறக்குறைய 100 பேரைச் சுட்டும். சுட்டப்பட்டவர்களில் இருபதில் ஒருவருக்கும் நோய் இருக்காது. கருவி மாறவில்லை, விழுக்காடு மாறவில்லை, எதிரே நிற்கும் மக்கள்தான் மாறியிருக்கிறார்கள். இது கருவி மீது குற்றமில்லை. எந்தப் பரிசோதனைக்கும் பொருந்தும் பழைய கணக்கு. ஆனால் விற்பனைப் பேச்சில் இந்தக் கணக்கை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

தவறாகச் சுட்டப்படுவது என்றால் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு பெண்மணி, சோதனைக்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு மென்பொருளால் "காசநோய்க்கு அதிக வாய்ப்பு" என்று குறிக்கப்பட்டார். படத்தில் வலது நுரையீரலின் மேல்பகுதி முழுக்கச் சிவப்பு வண்ணம் பூசியிருந்தது. எங்கள் மூத்த எக்ஸ்ரே டெக்னீஷியன் அதைப் பார்த்த உடனே, "இது பழைய தழும்பு, டாக்டர்; இவங்களுக்குப் பல வருஷத்துக்கு முன்னால ஆறு மாச மருந்து எடுத்த கதை எனக்குத் தெரியும்" என்றார். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. அந்த முடிவு வரும் வரையிலான நாட்களில் வீட்டில் அவருடைய தட்டையும் டம்ளரையும் தனியே எடுத்து வைத்துவிட்டார்கள். மகள் பேரக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கணவர் வீட்டுக்குப் போய்விட்டாள். முதல் முறை நோய் வந்தபோது பட்டதை அவர் இரண்டாம் முறையும் பட்டார். பழைய தழும்பு இந்த மென்பொருள்களைத் தடுமாற வைக்கும் என்பது தெரிந்த செய்திதான். டாக்காவில் ஏறத்தாழ 24,000 பேரிடம் ஐந்து மென்பொருள்களை ஒப்பிட்டு 2021இல் வெளிவந்த ஆய்வில், ஐந்துமே அங்கிருந்த கதிரியக்க மருத்துவர்களைவிடச் சிறப்பாகப் படித்தன. அதே ஐந்தும் வயதானவர்களிடமும், ஏற்கெனவே காசநோய் வந்து போனவர்களிடமும் தடுமாறின. எங்கள் ஓ.பி.யில் வயதானவர்களே அதிகம். ஆகவே அந்த ஆய்வின் மொத்த எண்ணைவிட, அதற்குள் வயதுவாரியாகப் பிரித்துக் கொடுத்திருக்கும் எண்களே எங்களுக்குப் பயன்படும்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல், 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் காசநோயைச் சலித்தெடுக்க இத்தகைய மென்பொருள்களைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. அதை மேற்கோள் காட்டாத விற்பனையாளர் இல்லை. ஆனால் மென்பொருள் தருவது ஒரு மதிப்பெண். எந்த மதிப்பெண்ணுக்கு மேலே போனால் சளியை, கிருமியின் மரபணுவைத் தேடும் மூலக்கூறுப் பரிசோதனைக்கு அனுப்புவது என்ற வரம்பை அந்தந்த இடத்து நிலைமைக்கு ஏற்ப அங்கேயே வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்த செய்தி. வரம்பைத் தாழ்த்தினால் நோயாளி தப்பமாட்டார், ஆனால் பரிசோதனைக் கூடம் திணறும்; உயர்த்தினால் செலவு குறையும், சிலர் நோயோடு வீட்டுக்குப் போவார்கள். இது மருத்துவ முடிவு, பணம் பற்றிய முடிவு, நியாயம் பற்றிய முடிவும்கூட. "நிறுவனம் வைத்துக்கொடுத்த வரம்பு அப்படியே இருக்கட்டும்" என்று விடுவது இந்த மூன்றையும் வெளியூரில் இருக்கும் ஒருவரிடம் ஒப்படைப்பதற்குச் சமம்.

படத்தைப் பார்த்துக் கற்கும் கணினி எதைக் கற்றுக்கொள்கிறது என்பதும் நமக்கு முன்கூட்டியே தெரியாது. நிமோனியாவைக் கண்டறியப் பழக்கிய ஒரு கணினி, படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதையே ஓரத்து அடையாளங்களிலிருந்து கண்டுகொண்டு, நோயாளிகள் அதிகம் வரும் மருத்துவமனையின் படமென்றால் நோய் இருக்கும் என்று கணித்ததை 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். வேறு மருத்துவமனையின் படங்களைக் கொடுத்ததும் அதன் திறன் சரிந்தது. இதே காரணத்தால்தான் எங்கள் பழைய எக்ஸ்ரே மெஷினில் எடுத்த படங்களைக் கொடுத்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டேன் என்கிறேன்.

இதெல்லாம் சிறிய நிறுவனங்களின் குறை, பெரிய இடத்தில் வாங்கினால் சிக்கல் இராது என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். அவருக்கு நான் மிச்சிகன் கதையைச் சொன்னேன். கிருமித் தொற்று உடல் முழுவதையும் தாக்கி உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸ் நிலையை முன்கூட்டியே எச்சரிக்கும் மென்பொருள் ஒன்றை, அமெரிக்காவின் மிகப் பெரிய மருத்துவப் பதிவேட்டு நிறுவனமான எபிக் தன் மென்பொருளோடு சேர்த்துக் கொடுத்தது. நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் அதைப் பயன்படுத்தின. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை, தன்னிடம் உள்நோயாளிகளாக இருந்த 27,697 பேரின் பதிவுகளை வைத்துச் சுயமாகச் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டது. செப்சிஸ் வந்தவர்களில் 67 விழுக்காட்டினரை அந்த மென்பொருள் பிடிக்கவில்லை. அதே சமயம் மொத்த உள்நோயாளிகளில் 18 விழுக்காட்டினருக்கு அது எச்சரிக்கை மணி அடித்திருந்தது. இரவுப் பணியில் இருக்கும் செவிலியருக்கு வீண் மணி என்றால் என்ன என்று வார்டில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வீண் மணிகளைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர், உண்மையான மணி அடிக்கும்போதும் எழுந்திருக்க ஒரு நொடி தயங்குவார். அத்தனை மருத்துவமனைகள் அந்த மென்பொருளை ஓட்டிக்கொண்டிருக்க, வெளியார் ஒருவர் அளந்து பார்ப்பதற்கு ஆண்டுகள் ஆயின என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. கடைக்காரர் தன் தராசுக்குத் தானே முத்திரை வைத்துக்கொள்ள நாம் விடுவதில்லை. உயிரை நிறுக்கும் கருவிக்கு மட்டும் விட்டுவிடுகிறோம்.

எதை அளப்பது என்பதிலும் தவறு நடக்கிறது. ஐ.பி.எம். நிறுவனத்தின் வாட்சன் என்ற புற்றுநோய்ச் சிகிச்சை ஆலோசனை மென்பொருளை மணிப்பால் மருத்துவமனைகள் பயன்படுத்தின. 638 மார்பகப் புற்றுநோயாளிகளைக் கொண்டு அங்கே நடத்திய ஆய்வில், மருத்துவர் குழுவின் பரிந்துரையும் மென்பொருளின் பரிந்துரையும் 93 விழுக்காடு ஒத்துப்போயின என்று வந்தது. நாங்கள் ஏற்கெனவே எழுதும் மருந்துச் சீட்டையே ஒரு கணினியும் எழுதுகிறது என்பதால் நோயாளிக்கு என்ன கூடுதலாகக் கிடைத்தது? அவர் நீண்ட நாள் வாழ்ந்தாரா, வேதனை குறைந்ததா, செலவு குறைந்ததா? ஒத்துப்போதல் என்ற அளவுகோலில் இந்தக் கேள்விகளுக்கு இடமில்லை. 2022இல் ஐ.பி.எம். தன் வாட்சன் மருத்துவப் பிரிவின் சொத்துகளை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது.

நோயாளிக்கு என்ன ஆனது என்பதை அளக்க நினைத்தால், எங்கள் மாவட்டத்துக்கே உரிய ஒரு தடை முன்னால் வந்து நிற்கிறது. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். 1956 நவம்பர் 1 முதல் நாங்கள் தமிழ்நாட்டில் இருக்கிறோம்; ஆனால் கடுமையான நோய் என்றால் இன்றும் மேற்குக் குமரிக் குடும்பங்களில் பாதி திருவனந்தபுரத்துக்குத்தான் வண்டி பிடிக்கும். மருத்துவக் கல்லூரி, புற்றுநோய்க்கான ஆர்.சி.சி., இதய, நரம்பு நோய்களுக்கான ஸ்ரீ சித்ரா எல்லாம் அங்கே. மீதிப் பேர் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போவார்கள். எங்கே போனாலும் முடிவு எங்களுக்குத் திரும்பி வருவதில்லை. அடுத்த முறை நோயாளி வரும்போது நகைக்கடைத் துணிப்பையில் எல்லா ரிப்போர்ட்டுகளையும் மடித்துத் திணித்துக் கொண்டுவருவார். எங்கள் கருவி சொன்னது சரியா தவறா என்பதற்கான விடை அந்தப் பைக்குள் எங்கோ, மலையாள முத்திரை வைத்த ஒரு டிஸ்சார்ஜ் தாளில் இருக்கும். அதைப் பிரித்துப் படித்து, எங்கள் பதிவேட்டில் ஏற்றி, கருவியின் கணிப்போடு ஒப்பிட ஓர் ஆள் வேண்டும். அப்படி ஓர் ஆள் இல்லாத இடத்தில் மதிப்பீடு என்று நாம் செய்வதெல்லாம், கருவி சொன்னதைக் கருவியே திரும்பச் சொல்வதைக் கேட்பதுதான்.

மருத்துவமனைக்கே வராதவர்கள் வேறு இருக்கிறார்கள். பேச்சிப்பாறைக்கு மேலே, மலைப் பழங்குடிகளான காணிக்காரர்களின் குடியிருப்புகளிலிருந்து எங்களிடம் வருபவர்கள் மிகக் குறைவு. வராதவரின் பதிவேடு வெறுமையாக இருக்கும். பதிவேட்டை மட்டும் பார்த்துக் கற்கும் கணினிக்கு அவர் நல்ல உடல்நலத்தோடு இருப்பவராகத் தெரிவார். அமெரிக்காவில் நோயாளிகளின் தேவையை அவர்களுக்கு ஆன செலவைக் கொண்டு கணித்த ஒரு மென்பொருள், செலவழிக்க வழியில்லாத கறுப்பின மக்களை உள்ளதைவிட நலமானவர்களாகக் காட்டியதை 2019இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு வெளிப்படுத்தியது. காப்பீட்டுக் கணக்குகளிலிருந்து கற்கும் எந்தக் கருவியும் இங்கேயும் இதே தவறைச் செய்யும்.

முறையாக மதிப்பிட முடியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஸ்வீடனில் 80,033 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரின் மார்பகப் படங்களை வழக்கம்போல் இரண்டு மருத்துவர்களும், மறு பாதியினரின் படங்களைக் கணினியின் துணையோடும் படித்தார்கள். 2023இல் வந்த முதல் முடிவில், கணினித் துணை பெற்ற பாதியில் 244 புற்றுநோய்களும் வழக்கமான பாதியில் 203 புற்றுநோய்களும் கண்டறியப்பட்டிருந்தன. படம் படிக்கும் வேலைச் சுமை 44 விழுக்காடு குறைந்திருந்தது. கருவியின் உண்மையான மதிப்பை இப்படித்தான் கண்டறிய வேண்டும். அவ்வளவு பெரிய ஆய்வை நாம் நடத்த வழியில்லை என்றால், நம் மாநிலத்திலேயே எளிய முன்மாதிரி ஒன்று உண்டு. 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானவுடன் ஊழியர் சில எளிய விஷயங்களைப் பார்க்கிறார்: உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, மூச்சு வேகம் என்ன, ஆக்சிஜன் அளவு என்ன, துணையில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. மோசமாக இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். இதில் செயற்கை நுண்ணறிவு எதுவும் தேவைப்படவில்லை. எடை பார்க்கும் மெஷினும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரும் போதும். ஆனால் அந்தத் திட்டம் தன்னை எதைக் கொண்டு அளந்துகொள்கிறது என்பதைக் கவனியுங்கள்: எத்தனை பேர் இறந்தார்கள் என்பதைக் கொண்டு. எந்த விலையுயர்ந்த மென்பொருளும் அந்த அளவுகோலின் முன்னால் நின்று பதில் சொல்லட்டும்.

வாங்கிய பிறகு நம்முடைய கைக்கு என்ன ஆகும் என்ற கேள்வியும் எனக்கு உண்டு. போலந்தில் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்குக் கணினித் துணையைப் பயன்படுத்தத் தொடங்கிய சில மையங்களில், துணையில்லாமல் அதே மருத்துவர்கள் செய்த பரிசோதனைகளில் கட்டிகளைக் கண்டறியும் விகிதம் 28.4 விழுக்காட்டிலிருந்து 22.4 விழுக்காடாகக் குறைந்தது என்று 2025இல் ஓர் ஆய்வு வந்தது. வேறு காரணங்களும் இருக்கலாம் என்றாலும், அது என்னை யோசிக்க வைத்தது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் பகுதியில் பல ஊர்களுக்கு நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. இணையத்தில் இருக்கும் மூளையை நம்பி இயங்கும் மருத்துவமனை அப்படியொரு வாரத்தில், தழும்பைப் பார்த்தவுடனே தழும்பு என்று சொல்லத் தெரிந்த அந்த மூத்த டெக்னீஷியனைத்தான் தேடும். அவருக்குப் பின்னால் வருகிறவர்களும் முதலில் தாங்களே படத்தைப் படித்துக் குறிப்பெழுதிவிட்டு, அதன் பிறகுதான் கருவி சொன்னதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று விதி வைக்கப் போகிறோம்.

சட்டம் ஓரளவு வந்திருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவ மென்பொருளும் மருத்துவச் சாதனமாகவே கருதப்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் இதற்கான அறநெறி வழிகாட்டுதலை வெளியிட்டது. அதே ஆண்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. உரிமம் பெற்ற கருவிதான் என்பது அவசியமான தகவல். ஆனால் பங்கு மண்டபத்தின் வெளிச்சத்தில் அது வேலை செய்யுமா என்பதை எந்த உரிமத்தாளும் சொல்லாது. ஒப்புதல் விஷயத்தில் நாம் இன்னும் நேர்மையாக நடந்துகொள்ள வேண்டும் என்றும் சொல்வேன். 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் இது. படித்த மனிதரிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்ற சோம்பல் எங்களிடம் வந்துவிட்டது. உங்கள் கண்ணின் படம் வெளியே ஒரு கணினிக்குப் போகும், அதை வைத்து அந்த நிறுவனம் தன் கருவியை மேம்படுத்திக்கொள்ளக்கூடும், வேண்டாம் என்றால் உங்கள் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது என்ற மூன்று செய்திகளையும் வாயால் சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும்.

எங்கள் குழுவில் நான் வைத்திருக்கும் கோரிக்கைகள் இவை. வாங்குவதற்கு முன், எங்கள் மெஷினில் எங்கள் நோயாளிகளிடம் எடுத்த படங்களைக் கருவி சில மாதங்கள் ஓசையில்லாமல் படிக்கட்டும்; அதன் முடிவைச் சிகிச்சை செய்யும் மருத்துவர் யாரும் பார்க்கக்கூடாது; பிறகு வெளியூர்க் கதிரியக்க மருத்துவரின் ரிப்போர்ட்டோடும் சளிப் பரிசோதனையின் முடிவோடும் ஒப்பிடலாம். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள், முன்பு காசநோய் வந்தவர்கள், கண்புரை உள்ளவர்கள் ஆகியோரின் எண்களைத் தனித்தனியே எழுத வேண்டும். படிக்க முடியாத படம் தோல்வியாகவே எண்ணப்பட வேண்டும். மென்பொருளின் பதிப்பை நிறுவனம் மாற்றும்போதெல்லாம் எங்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். நாங்கள் சோதித்தது ஒரு பதிப்பும் ஓடுவது வேறொரு பதிப்புமாக இருந்தால் சோதனைக்குப் பொருள் இல்லை. முடிவு எங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் அபராதம் இல்லாமல் நிறுத்தும் உரிமையும், எங்கள் எண்களை மற்ற மருத்துவமனைகளுக்குச் சொல்லும் உரிமையும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். காட்சிக்கு வந்த நிறுவனங்களில் ஒன்று கடைசிக் கோரிக்கையைத் தவிர மற்றவற்றுக்கு ஒத்துக்கொண்டிருக்கிறது. அதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் கேட்டிருப்பது ஒரு செவிலியரை. கருவி சுட்டிய ஒவ்வொருவரையும் போனில் அழைத்து, ஆசாரிப்பள்ளம் போனீர்களா, திருவனந்தபுரம் போனீர்களா, என்ன சொன்னார்கள், லேசர் வைத்தார்களா என்று கேட்டு எழுதுவதும், போட்டு எப்போது கரைக்கு வருகிறது என்று வீட்டுக்காரியிடம் விசாரித்து அந்த நாளில் மறுபடி அழைப்பதும், துணிப்பையோடு வருகிறவரின் தாள்களைப் பிரித்துப் பதிவதும் மட்டுமே அவருடைய வேலை. ஆண்டுக்கு அவருக்குக் கொடுக்கவேண்டிய சம்பளம் மென்பொருளின் சந்தாவைவிட அதிகமாகும் என்று கணக்காளர் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கு சரியானது. சம்பளத்தைத்தான் முதலில் ஒதுக்க வேண்டும், மிஞ்சும் பணத்துக்குள் எந்தக் கருவி வருமோ அதைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று அடுத்த கூட்டத்துக்கான குறிப்பில் எழுதிக்கொடுத்திருக்கிறேன்.